ஜன்னல் பக்கத்து மானிட்டர்

சி.பி.யூ.வின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது ஒரு கரப்பான்பூச்சி. பின்னாலேயே அதன் குடும்பம் வந்தது. பெரியது, சின்னது, வெளுத்துப்போனது, ஒரு கால் குறைந்தது என்று ஒவ்வொன்றாக இறங்கி, மேசை மேல் நடந்து, பானுப்ரியாவின் முழங்கையைத் தாண்டி, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் நிதானமாகச் சுவரேறிப் போயின.

ஸ்குரூ டிரைவரைப் போட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"மாமா, இத கடைசியா எப்பத் தொடச்சீங்க?"

"தொடச்சா ரிப்பேராய்டும்னு தொடவே இல்ல" என்றார் ஆதிகேசவன்.

சொல்லிவிட்டு வாயிலிருந்த பாக்குச் சாற்றை ஜன்னல் மூலையில் துப்பினார். அந்த மூலை ஏற்கெனவே செம்மண் சுவர் போலத்தான் இருந்தது. வெள்ளோடைக்குப்பத்தின் ஊர்க் காரியதரிசி அவர். ஊர்க் கட்டடத்தின் சாவி, மைக் செட், இந்தக் கம்ப்யூட்டர் மூன்றும் அவர் பொறுப்பு. மூன்றுமே அவரைப் போல்தான் இருந்தன. தொட்டால் பிசுபிசுத்தன.

பழவேற்காடு பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பானுப்ரியா, காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் அவருடைய போன் வந்துவிட்டது. தோணிரேவைத் தாண்டி ஸ்கூட்டியில் ஓடிவந்தாள். சொந்த ஊர். தவிர, இன்றைக்கு வராமல் இருக்க முடியாது. மத்தியானம் பாடு குலுக்கல்.

ஏரியில் இந்த வருஷம் எந்த இடத்தில் எவன் வலை கட்டலாம் என்பதுதான் பாடு. குலுக்கலில் முதல் பெயருக்கு முகத்துவாரம். கடல் தண்ணீர் உள்ளே ஏறும் இடம். இறால் தானாக வந்து வலையில் விழும். கடைசிப் பெயருக்குச் சேத்துப்பாடு. இடுப்பளவு சேற்றில் நின்று வலை கட்டினால், நெகிழிப் பையும் செத்த நண்டும் வரும். பெயர் விழாதவனுக்கு அந்த வருஷம் ஏரியே இல்லை.

பானுப்ரியாவின் அப்பா துளசிங்கம் போனபிறகு, அந்தக் குடும்பத்துப் பெயர் தம்பி மனோஜ் மேல் ஏறியது. அவன் கை பட்டதிலிருந்து சேத்துப்பாடு மட்டும்தான். இந்த வருஷமும் சேறு என்றால் வலையை விற்றுவிட்டு எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுக்குக் கூலிக்குப் போவேன் என்று சொல்லிவிட்டான். அம்மா தனக்கோடி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் ஒரு நல்ல சொல் காதில் விழுந்து நாளாகிவிட்டது.

முன்பெல்லாம் மண்பானையில் சீட்டுப் போட்டுத்தான் குலுக்கினார்கள். வேண்டிய ஆளின் சீட்டை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போட்டார்கள், கைக்குச் சில்லென்று தட்டுப்பட்டது என்று ஒரு வருஷம் பெரிய சண்டை. துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஊர் கூடி, இனிமேல் மனுஷன் கையே படக்கூடாது, கம்ப்யூட்டரே குலுக்கட்டும் என்று முடிவெடுத்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அதில் லினக்ஸ் போட்டு, குலுக்கலுக்கு ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தது பானுப்ரியா. திரையில் ஒரு பானை சுற்றும்; பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே குதிக்கும். மானிட்டர் இரண்டு. ஒன்று காரியதரிசியின் மேசையில். இன்னொன்று ஜன்னலில், திடலைப் பார்த்தபடி, ஊர் பூராவும் பார்ப்பதற்கு.

அந்த ஜன்னல் மானிட்டர்தான் இப்போது கறுப்பாகக் கிடந்தது. 'நோ சிக்னல்' என்று ஒரு வரி மட்டும் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்டேட் ஏதாவது போட்டீங்களா மாமா?"

"நெட்டே இல்ல. இன்னாத்த போடறது?"

அப்படியென்றால் டிரைவர் கெட்டிருக்க வாய்ப்பில்லை. மேசை மானிட்டரில் டெர்மினலைத் திறந்து, எக்ஸ்-ரேண்டர் கட்டளையைத் தட்டினாள். எத்தனை மானிட்டர் கண்ணுக்குத் தெரிகிறது என்று லினக்ஸ் சொல்லும் இடம் அது. மேசை மானிட்டருக்குக் 'கனெக்டட்' என்று வந்தது. ஜன்னல் மானிட்டருக்கு 'டிஸ்கனெக்டட்'. கேபிள் நன்றாகத்தான் சொருகியிருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை.

மானிட்டர் கெட்டதா, கேபிள் கெட்டதா, கம்ப்யூட்டர் கெட்டதா? மூன்றில் ஒன்று. ஜன்னல் மானிட்டரின் கேபிளை நல்ல துளையில் மாற்றிச் சொருகினாள். ஜன்னல் மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. ஆக மானிட்டரும் கேபிளும் நிரபராதி. மேசை மானிட்டரைக் கெட்ட துளையில் சொருகினாள். அது செத்தது.

"துளையிலதான் கோளாறு."

"தொளையில இன்னா இருக்கப் போவுது?"

போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். துளைக்குள் பளபளக்க வேண்டிய செம்புப் பற்கள் தெரியவில்லை. மஞ்சளும் கறுப்புமாக ஏதோ கட்டிப்போய் இருந்தது. அதற்குள் எறும்புகள். பாதி செத்தவை, பாதி உயிரோடு மாட்டிக்கொண்டவை. குச்சியால் ஒரு பொட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். சட்டென்று குச்சியைத் தள்ளிப் பிடித்தாள்.

"மீனெண்ணெ."

ஆதிகேசவன் முகத்தில் ஒரு பெருமை.

"சுறா எண்ணெ. உப்புக்காத்து நேரா ஜன்னல்ல அடிக்குதுல்ல? துரு ஏறிடும்னு நான்தான் போன மாசம் எறகுல தொட்டு நல்லா உள்ள வுட்டேன். எங்க போட்டு என்ஜினுக்கு அதான் தடவறோம், எத்தினி வருசமா ஒரு பேஜாரும் இல்ல."

"இது போட்டு என்ஜின் இல்ல மாமா."

"ரெண்டும் மிசின்தானே."

அவள் பையிலிருந்து ஸ்பிரிட்டையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷையும் எடுத்தாள். தேய்க்கத் தேய்க்க நாற்றம் கிளம்பியதே தவிரக் குறையவில்லை. எறும்புகள் கூழாக வந்தன. துணி மாற்றினாள், மறுபடி தேய்த்தாள். இந்த மனுஷன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் தோளுக்கு மேல் மூச்சுவிட்டபடி, பாக்கு மென்றபடி பார்த்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

கடைசியில் பற்கள் தெரிந்தன. காயவிட்டு, கேபிளைச் சொருகி, மெஷினைக் கிளப்பினாள். ஜன்னல் மானிட்டர் ஒருமுறை சிமிட்டியது. பிறகு நீலமாக விரிந்தது.

"அவ்ளோதான். சூப்பரு. நீ கெளம்பு பானு" என்றார் ஆதிகேசவன்.

"கொஞ்ச நேரம் ஓட்டிப் பாக்கணும். சூடானா மறுபடி அவிஞ்சிடும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். வேற எதையும் நோண்டாத."

அந்த நேரம் பார்த்துத் திடலிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, மைக்குல சவுண்டே வரல. ஒயர எலி கடிச்சிக்கீது." ஆதிகேசவன் வாசலையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "தொடாத" என்று இன்னொருமுறை சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

சரிபார்க்காமல் ஒரு வேலையை முடித்த பழக்கம் அவளுக்கில்லை. ஜன்னல் கதவு இன்னும் சாத்தித்தான் இருந்தது. வெளியே எவருக்கும் எதுவும் தெரியாது. திரையில் 'பாடு' என்று ஒரு ஃபோல்டர். திறந்து, பானைப் படம் போட்டிருந்த முதல் ஐகானை அழுத்தினாள். மேசை மானிட்டர் அப்படியே இருந்தது. எட்டி ஜன்னல் மானிட்டரைப் பார்த்தாள். அங்கே பானை சுற்றியது. மேளச்சத்தம் ஒன்று சேர்த்திருந்தார்கள். பானையிலிருந்து ஒரு சீட்டு குதித்து விரிந்தது.

முகத்துவாரம்: து. மனோஜ்.

பானுப்ரியா சிரித்துவிட்டாள். சும்மா ஓட்டிப் பார்க்கிற குலுக்கலில் போய் இவனுக்கு அதிர்ஷ்டம். நிஜக் குலுக்கலுக்கு மிச்சம் வையேன் என்று நினைத்துக்கொண்டு, மறுபடி அழுத்தினாள்.

முகத்துவாரம்: து. மனோஜ்.

சிரிப்பு நின்றது. மூன்றாவது முறை அழுத்தினாள். மனோஜ். அவனுக்குப் பின்னால் அதே பெயர்கள், அதே வரிசையில், மேளம் அதே இடத்தில் விட்டு அதே இடத்தில் பிடித்தது.

குலுக்கல் ஒரே மாதிரி மூன்று முறை விழாது. ஐகானின் மேல் வலது பக்கம் தட்டி விவரத்தைப் பார்த்தாள். அது அவள் எழுதிய நிரலே இல்லை. வீடியோ. பானை சுற்றுவது, சீட்டு குதிப்பது, பெயர் விரிவது எல்லாம் எங்கேயோ உட்கார்ந்து செய்து முடித்த படம். ஆதிகேசவனின் மச்சான் பொன்னேரியில் கல்யாண வீடியோவுக்குக் கிராபிக்ஸ் செய்பவன் என்பது ஞாபகம் வந்தது. மாலைக்கு நடுவில் ரோஜாப்பூ வெடிக்க வைப்பவனுக்குப் பானையில் சீட்டு வெடிக்க வைப்பது பெரிய காரியமா?

அவள் எழுதிய நிரல் ஃபோல்டரின் அடியில் கிடந்தது. முதல் வருஷத்துக்குப் பிறகு யாருமே அதைத் திறக்கவில்லை. பக்கத்தில் போன வருஷத்து வீடியோ, அதற்கு முந்தின வருஷத்து வீடியோ.

இரண்டு மானிட்டர் எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. அவள் கொடுக்கும்போது இரண்டிலும் ஒரே படம்தான் தெரிந்தது. யாரோ அதை மாற்றி, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மேசையில் ஆதிகேசவன் ஃபோல்டரைத் திறப்பார், வீடியோவைத் தட்டுவார். அது ஊருக்குத் தெரியாது. ஜன்னலில் படம் மட்டும் ஓடும். ஊர் வாயைப் பிளந்து பார்க்கும்.

போன வருஷம் முகத்துவாரம் சரவணனுக்கு விழுந்தது. கட்டுவதற்கு உருப்படியான வலைகூட இல்லாத சரவணன். "ஆதி மாமாதான் அவர் வலையக் குடுத்து ஒதவினாரு" என்று ஊரே அவரைக் கொண்டாடியது. பானுப்ரியாவும் அன்றைக்கு நல்ல மனுஷன் என்றுதான் சொன்னாள். தன் பெயரில் ஒருமுறையும் விழவைக்காமல், இல்லாதவன் பெயரில் பாடு எடுத்து, தன் வலையைக் கட்டி, இறாலை அள்ளிக்கொண்டு, மேலே புண்ணியத்தையும் அள்ளியிருக்கிறார். இந்த வருஷம் அந்த இல்லாதவன், மனோஜ்.

பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். பூவரச மரத்தடியில் மனோஜ் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். குலுக்கலில் சேறு விழும் என்று பயந்தவன் போடுகிற சட்டை இல்லை அது.

"டேய். மொதப் பேரு உன்னுதுன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் நிமிர்ந்தான். யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமாயிருந்தது.

"கத்தாதக்கா."

"தெரியுமா தெரியாதா?"

"வலை அவருது. எறால்ல மூணுல ஒரு பங்கு நமக்கு. சேத்துல நின்னுக்கினு அழுகின நண்டு பொறுக்கறதுக்கு இது எவ்ளோ மேலு."

"ரெண்டு வருசமா சேறு விழுந்துச்சே, அது எப்பிடி விழுந்துச்சுன்னு நெனச்ச? அதுவும் அவரு போட்டதுதான்டா. உன்ன சேத்துல போட்டு ஊற வெச்சி, இப்ப கை குடுத்துத் தூக்கறாரு. நீ கும்புடற."

மனோஜ் தரையைப் பார்த்தான். அதை அவன் யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது. யோசித்தபிறகும் ஒன்றும் மாறவில்லை என்பதும் தெரிந்தது.

"அதுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்ற? இந்த வருசம் பொழைக்கணுமா வேணாவா?"

"அம்மாவுக்கு இது தெரிஞ்சா..."

"அம்மாதான் போய்ப் பேசி முடிச்சுது."

அப்படியானால் அம்மா ஒரு வாரமாகச் சாப்பிடாமல் இருந்தது சேத்துப்பாட்டை நினைத்து இல்லையா? ஆதிகேசவன் வீட்டு வாசலில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருக்கும் கோலம் கண்ணில் வந்தது. அந்த ஆள் பாக்கைக் குதப்பிக்கொண்டே கேட்டிருப்பார். யோசிக்கலாம் என்றிருப்பார். ரெண்டு தடவை நடக்க வைத்திருப்பார்.

"நீ டிவிய சரி பண்ண வந்த. பண்ணிட்ட. வூட்டுக்குப் போ" என்றான் மனோஜ். "உன் கைல இதுல ஒண்ணும் இல்ல."

அவள் திரும்பி உள்ளே நடந்தாள். அந்த நாலு எட்டுக்குள் அவள் மனசு அவளைக் கேட்காமலேயே ஒரு வேலை செய்துவிட்டது. முகத்துவாரம் என்றால் வருஷம் பூராவும் வீட்டில் உலை கொதிக்கும். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். தம்பி ஊரிலேயே இருப்பான். தான் எதையும் பார்க்கவில்லை, கேபிளைச் சொருகிவிட்டு வந்தேன், அவ்வளவுதானே.

அவ்வளவுதானே என்று தோன்றியதும் உடம்பு கூசியது. கரப்பான்பூச்சி ஏறியபோதுகூட இப்படிக் கூசவில்லை.

ஊர்த்தலைவர் பெருமாளிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும்? ஆதிகேசவன் நெஞ்சிலடித்துக்கொண்டு நிற்பார். மெஷினோடு காலையிலிருந்து தனியாக இருந்தவள் இவள். முதல் பெயர் இவள் தம்பி. மாட்டிக்கொண்டதும் என் மேல் போடுகிறாள் என்பார். ஊர் நம்பும். கம்ப்யூட்டர் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே.

அதனால் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து, டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்தாள். இரண்டு மானிட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகளாகத் தெரிந்தன. 'மிரர்' என்பதைத் தட்டினாள். பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒன்றாயின. இனி இந்தத் திரையில் எது தெரிகிறதோ அதுதான் அந்தத் திரையிலும். ஒரு வீடியோவையும் அழிக்கவில்லை. ஒரு பெயரையும் மாற்றவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. செட்டிங்ஸை மூடினாள்.

ஆதிகேசவன் வியர்வையோடு வந்து உட்கார்ந்தார். திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னாமே, ஐகான்லாம் பெருசு பெருசா தெரியுது?"

அவள் பிரஷ்ஷைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"ரெண்டு மானிட்டரும் ஒத்துப்போகணும்ல மாமா. சின்னதுக்கு ஏத்த மாதிரி பெருசு எறங்கி வரும்."

"ம். கண்ணுக்கு நல்லாத்தான் கீது."

அவள் பையை மூடிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

திடல் நிரம்பியிருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் புன்னை மரத்துப் பக்கம். அந்தக் கூட்டத்தில் தனக்கோடியும் இருந்தாள், வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பெருமாள் மைக்கைத் தட்டினார். "மனுசன் கை படாம, ஞாயமா நடக்குது நம்மூர்ல. அக்கம்பக்கத்துக் குப்பத்துக்காரன்லாம் நம்மள பாத்துக் கத்துக்கணும்" என்றார். கைதட்டினார்கள். ஜன்னல் கதவைத் திறந்தார்கள்.

திறந்ததுமே ஒரு சிரிப்பலை. ஜன்னல் மானிட்டரில், வழக்கமான வெறும் நீலத்துக்குப் பதில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு படகின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி ஆதிகேசவன் நின்றார். மேசைத் திரைக்கு அவர் வைத்துக்கொண்டிருந்த படம்.

"நம்ம காரியதரிசி எலெக்சனுக்கு நிக்கறாரா?" என்றான் ஒருவன்.

"காலக் கீழ வைக்கச் சொல்லு, படகு சாய்ஞ்சிடும்."

உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆதிகேசவன், ஊர் குஷியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எதிரிலிருந்த திரை. மௌஸைப் பிடித்தார். ஜன்னலில் ஒரு வெள்ளை அம்பு ஊர்ந்தது. அது எப்போதும் வராத ஒன்று. 'பாடு' திறந்தது. மூன்று பானைப் படங்கள் வரிசையாக நின்றன. திடலில் பேச்சு கொஞ்சம் குறைந்தது. அம்பு முதல் பானையில் போய் நின்று, இரண்டு தட்டுத் தட்டியது.

மேளம் அடித்தது. பானை சுற்றியது. மேசைத் திரையிலும் சுற்றியது.

ஆதிகேசவனின் தாடை நின்றது. இங்கே எப்படி வருகிறது இது? ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். மானிட்டரின் முதுகுதான் தெரிந்தது. நிறுத்துவதற்கு விசைப்பலகையில் கிடைத்ததை அழுத்தினார்.

அதற்குள் சீட்டு குதித்து விரிந்துவிட்டது. முகத்துவாரம்: து. மனோஜ். கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். விசில் முடிவதற்குள் சீட்டு மடிந்து, மேலே எழும்பி, பானைக்குள்ளேயே திரும்பிப் போனது.

விசிலடித்தவன் வாயிலிருந்து விரலை எடுத்தான்.

மறுபடி அழுத்தினார். மனோஜ் வெளியே வந்தான். மறுபடி அழுத்தினார். மனோஜ் உள்ளே போனான். திரையின் அடியில் ஒரு கோடு, வீடு வீடாக எல்லார் போனிலும் படம் பார்க்கும்போது வருகிற அதே கோடு, முன்னும் பின்னும் நகர்ந்தது.

"சீட்டு உள்ள பூடுச்சிடா" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"குலுக்கல் இல்லடா இது. சினிமா."

"அப்ப போன வருசம்?"

அந்தக் கேள்விதான் தீ. கம்பி ஜன்னலில் பத்துக் கைகள் வந்து விழுந்தன. கதவு திறந்து கூட்டம் உள்ளே ஏறியது. ஆதிகேசவனை நாற்காலியோடு தூக்கினார்கள். அவர் போட்ட சத்தத்தில் பாக்குச் சாறு சட்டையெல்லாம் வழிந்தது.

"நான் இல்ல, அவதான். காலைலருந்து அவதான் மிசின்ல இருந்தா. யாரு பேரு மொதல்ல வருது பாருங்கய்யா. அவ தம்பி பேரு. அவளக் கேளுங்க."

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. பெருமாள் முன்னால் வந்தார்.

"பானு, அவன் சொல்றது இன்னா?"

"எந் தம்பி பேருதான். தெரியும். பாத்தேன்." அவள் திரையைக் காட்டினாள். "அவரு பார்க்கறது உங்களுக்கும் தெரியற மாதிரி மாத்தி வெச்சது நான்தான். படம் எடுத்தது நான் இல்ல. நான் எடுத்திருந்தா அத உங்களுக்கு எதுக்கு காட்டறேன்? பழைய வருசத்துதும் உள்ள இருக்குது. போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார்கள். போன வருஷத்துப் பானை சுற்றியது, சரவணன் வந்தான். கூட்டத்தில் நின்ற நிஜச் சரவணன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு முந்தின வருஷத்துப் பானை சுற்ற ஆரம்பித்ததும், பெருமாள் கையை நீட்டி, "போதும், போதும், நிறுத்து" என்றார். அந்த வருஷம் இரண்டாவதாக விழுந்த பெயர் பெருமாள் மகனுடையது என்பது பானுப்ரியாவுக்கு ஞாபகம் இருந்தது. ஊரில் இன்னும் சிலருக்கும் இருந்திருக்க வேண்டும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

பாடு குலுக்கலில் கள்ளம் செய்தவனுக்கும், கள்ளத்தில் பேர் வந்தவனுக்கும் அந்த வருஷம் ஏரி கிடையாது. அது பழைய ஊர்க்கட்டுப்பாடு. பெருமாள் அதை மைக்கில் சொன்னார். ஆதிகேசவனுக்கு இல்லை. மனோஜுக்கு இல்லை. மீதிப் பேருக்குப் பானையும் சீட்டும் கொண்டுவரச் சொன்னார். ஒருவன் ஓடினான்.

பெருமாள் அவளைத் தனியாக அழைத்துத் தோளில் தட்டினார்.

"நீ நம்மூரு பொண்ணு. பெரிய மனசு. அந்தப் பழைய படங்கள மட்டும் அழிச்சிட்டுப் போயிடு. வெளிய தெரிஞ்சா ஊருக்குக் கேவலம்."

தோளில் கிடந்த கையை அவள் பார்த்தாள். அவர் தானாக எடுத்துக்கொள்ளும்வரை பார்த்தாள்.

"நான் மானிட்டர் பாக்க வந்தவ. அழிக்கற வேலை எனக்கு இல்ல. நீங்களே அழிங்க. ஆனா ஜன்னல்ல தெரியும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் வழி விட்டது. விட்ட விதத்தில் மரியாதை எதுவும் இல்லை. காய்ச்சல்காரிக்கு விடுவதுபோல் ஒதுங்கினார்கள். ஏமாற்றப்பட்டவர்களுக்கும் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

புன்னை மரத்தடியில் அம்மா நின்றாள். பக்கத்தில் மனோஜ். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான் அறுந்து தொங்கியது. யாரோ சட்டையைப் பிடித்திருக்கிறார்கள்.

"அந்த ஆளு வாசல்ல நான் எத்தினி தபா நின்னன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் தனக்கோடி. சத்தமாகச் சொல்லவில்லை.

"தெரியாதும்மா. நீ சொல்லல."

"சொன்னா இதத்தானே பண்ணியிருப்ப."

"ஆமா."

"உனக்குக் கடை கீது. கரன்ட்டு போனாலும் உனக்குத் துன்றதுக்கு இருக்கும். எங்களுக்கு இன்னா கீது?"

இருவரையும் கடைக்கு வரச்சொல்லலாம். அந்தக் கடையில் மூன்று பேர் பிழைக்க முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"சேறுன்னாலும் இந்த வருசம் சேறு இருந்திருக்கும்" என்றான் மனோஜ். "இப்ப அதுவும் இல்ல. நாளைக்கு எண்ணூரு போறேன். வலைய எடுத்துக்கினு போவ ஆளு வருவான். வூட்ல இருந்து எடுத்துக் குடு, இல்ல அதையும் ஊர்ல காட்டிட்டுக் குடு."

மைக்கில் பெருமாள் குரல் கேட்டது. முதல் சீட்டு எடுத்துவிட்டார்கள். முகத்துவாரம் என்று இழுத்தார். பேச்சை நிறுத்தி அம்மாவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது, மனோஜின் கழுத்தும். யாரோ ஒருவனின் பெயரைச் சொன்னார். கூட்டம் கத்தியது. அந்தச் சத்தத்தில் பெயர் அமுங்கிவிட்டது.

"யாருக்காம்?" என்றாள் தனக்கோடி.

"யாருக்கா இருந்தா இன்னா" என்றான் மனோஜ். பானுப்ரியாவின் செருப்புக்கு அருகில் காறித் துப்பினான். பிறகு அம்மாவின் கையிலிருந்து வெறும் கூடையை வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு அவளும் மகன் பின்னால் போனாள்.